ஆயிலும் ஒரு பார்ட்தானுங்ணா!

பி.காம். படிக்கிறவனுக்கு கிரவுன் பினியனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கப் போகிறவர்கள் இப்போதே கேட்டுவிடுங்கள். போன வருஷம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. எங்க மாமா ஐம்பதாயிரம் ரூபாயைச் சேற்றில் விட்ட பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடுப்பில் எழுதுவதால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

மாமாவுக்கு ஊட்டிப் பக்கம் கேத்தியில் கேரட் தோட்டம். கூடவே ஒரு பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கிற வகை இல்லை, பின் சக்கரம் மட்டும். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏற முக்கால் கிலோமீட்டர் மண் பாதை, நல்ல ஏத்தம். மழை பெய்துவிட்டால் ஒரு பின் சக்கரம் சேற்றில் பேய் மாதிரி சுத்தும், இன்னொன்று தேமேன்னு நிற்கும். விடிவதற்குள் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைக்கு விலை போச்சு. அதனால் கடன் வாங்கி எல்எஸ்டி மாட்டினார். (போதை மருந்து இல்லை மக்களே, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.)

ஆறே மாதத்தில் அது செத்துவிட்டது. காரணம், எழுநூறு ரூபாய்.

அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் கட்டிவிட்டால் டயர் தேய்ந்தே போகும். அதற்குத்தான் டிஃபரன்ஷியல். பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் 1820களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கிற சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை, அதைச் சுழற்ற ரொம்பக் கொஞ்சம் விசை போதும். அந்தக் கொஞ்சம்தான் நல்ல தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி எப்படி ஏறும்?

இதை மாற்றத்தான் எல்எஸ்டி. மாமா போட்டது கிளட்ச் வகை. உள்ளே தகடு தகடாக அடுக்கியிருக்கும், ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருக்கும். ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஓடப் பார்த்தால் தகடுகளின் உராய்வு இழுத்துப் பிடித்து, அடுத்த சக்கரத்துக்கும் விசையைத் தள்ளும். ஆக, இந்தப் பொருள் முழுக்க முழுக்க உராய்வில் ஓடுகிறது. அந்த உராய்வோ ஆயிலுக்குள் மூழ்கிக்கொண்டு நடக்கிறது. அப்படியென்றால் எந்த ஆயில் என்பது சின்ன விஷயமா?

ஒர்க்‌ஷாப்பில் என்ன நடந்தது தெரியுமா? பேரலில் இருந்த "90 ஆயிலை" ஊற்றினார்கள். மாமா ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். பதில்: "எல்லா ஆயிலும் ஒண்ணுதானுங்ணா. பெரிய ஆயிலுக்கு எழுநூறு ரூபா சேத்திக் குடுத்து என்ன பண்ணப் போறீங்க?"

ஒண்ணு இல்லை. அதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன்.

முதலில், 90 என்பது ஆயிலின் பெயரே இல்லை. அது எவ்வளவு கெட்டி என்பதற்கான எண். ஒருவரின் உயரத்தை மட்டும் சொல்லி அவரை நல்லவர் என்று சொல்வது மாதிரி. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று டப்பாவில் போட்டிருப்பதுதான் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான தரம். பின் ஆக்ஸிலில் இருப்பது ஹைப்பாய்டு கியர். பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் அழுத்தமாகத் தேய்த்துக்கொண்டும் போகும். சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த இடத்தில் கிழிந்துவிடும். அங்கே இரும்பைக் காப்பாற்றுவது ஜிஎல்-5ல் அதிகமாகச் சேர்க்கிற கந்தக, பாஸ்பரஸ் சரக்குதான். பேரலில் இருந்தது ஜிஎல்-4. மிதமான வேலைக்குச் சரி. கேரட் மூட்டையோடு மலை ஏறுவதற்கு?

அடுத்தது, ஜிஎல்-5 இருந்தால் மட்டும் போதாது. கிளட்ச் வகைக்கு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்று ஒன்று வேண்டும். வீட்டில் இரும்பு பீரோவைத் தள்ளியிருக்கிறீர்களா? தள்ளத் தள்ள அசையாது, திடீரென்று சறுக்கும், மறுபடி நிற்கும், மறுபடி சறுக்கும். நிற்கும்போது இருக்கிற உராய்வு, நகரும்போது இருப்பதைவிட அதிகம் என்பதால் வருகிற கோளாறு அது. மாடிஃபையர் இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போதெல்லாம் தகடுகளும் இதே மாதிரி ஒட்டி ஒட்டி விடும். பின்னாலிருந்து கடகடவென்று சத்தம். மாமா ஜீப்பில் முதல் நாளே வந்தது. "எல்எஸ்டின்னா அப்படித்தானுங்ணா" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போனபோது சத்தத்தை அமுக்க 140 ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள். கெட்டி ஆயில் சத்தத்தை மறைக்கும், நோயைத் தீர்க்காது. கேத்தியின் குளிரில் விடியற்காலை அது அல்வா மாதிரி இருக்கும். ஓட வேண்டிய இடத்துக்கு ஓடிச் சேருவதே தாமதம். ஆறாவது மாதம் ட்ரெயின் பிளக்கைக் கழற்றியபோது அதிலிருந்த காந்தத்தில் இரும்புத் துகள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. தகடுகள் தேய்ந்து முடிந்திருந்தன. கிரவுன் வீல் பல்லிலும் கீறல்.

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம்.

"எங்க தாத்தா நாப்பது வருஷம் 90 ஆயில்ல ஓட்டினாரு" என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. தாத்தா வண்டியில் கிளட்ச் தகடு இல்லை சாமி. சாதாரண டிஃபரன்ஷியலுக்குப் போதுமான ஆயிலை வைத்துக்கொண்டு எல்எஸ்டிக்குச் சாட்சி சொல்லக் கூடாது.

"அதெல்லாம் ஆயில் கம்பெனிக்காரன் காசு பிடுங்குற வேலை" என்பார்கள். இதில் பாதி உண்மை. எல்லா எல்எஸ்டிக்கும் மாடிஃபையர் தேவையில்லை. டார்சன் மாதிரி கியராலேயே வேலை செய்கிற வகைக்குப் பொதுவாக நல்ல ஜிஎல்-5 போதும். சில டப்பாக்களில் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்தே வரும். அதற்கு மேல் தனி பாட்டில் வாங்கி ஊற்றினால் உராய்வு ரொம்பக் குறைந்து எல்எஸ்டி, சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரியே ஆகிவிடும். ஆக, விலை கூடிய ஆயில் வாங்கு என்று நான் சொல்லவில்லை. சரியான ஆயில் வாங்கு என்கிறேன். எது சரி என்பதை உங்கள் எல்எஸ்டியோடு வந்த தாள் சொல்லும்.

அந்தத் தாள் எங்கே என்று மாமாவிடம் கேட்டேன். "டப்பாக்குள்ள இங்கிலீசுல ஏதோ இருந்துச்சு மாப்ளே, அங்கேயே போட்டுட்டாங்க" என்றார்.

என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான். மெக்கானிக்கை மட்டும் திட்டுவது சுலபம். அவர் கையால் தொழில் கற்றவர். ஆக்ஸில் ஷாஃப்டை உருவுவது, பேரிங் கேப்பை இடம் வலம் மாறாமல் குறி வைத்துக் கழற்றுவது, ஷிம் வைத்து பேக்லாஷ் பிடிப்பது, பல்லில் மை தடவித் தடம் பார்ப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஆயில் விஷயம் விரலுக்குத் தெரியாது. அது எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது, அந்த எழுத்து அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லை. தமிழ்நாட்டில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பொருள் விற்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து உள்ளே வைக்கத் தெரியாதா? நாமும் யோக்கியமில்லை. போனுக்கு எந்த உறை போடலாம் என்று மூன்று நாள் ஆராய்ச்சி செய்கிறோம். அச்சுக்குள் என்ன ஊற்றுகிறார்கள் என்று நின்று பார்ப்பதில்லை.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். கணக்குப்பதிவியலில் ஒரு சொத்தின் அடக்கவிலை என்பது வாங்கிய விலை மட்டும் இல்லை. அதை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆகிற செலவும் சேர்ந்ததுதான். கணக்கியல் தரம் 10 அதைத்தான் சொல்கிறது. இயந்திரம் வாங்கினால் பொருத்துக்கூலியும் அதன் விலைதான். அதே கணக்கில், முதல் தடவை ஊற்றுகிற ஆயில் எல்எஸ்டியின் விலையில் ஒரு பகுதி. அதைத் தனிச் செலவாக நினைத்ததால்தான் அதில் மிச்சம் பிடிக்கத் தோன்றியது. எழுநூறை மிச்சம் பிடித்து ஐம்பதாயிரத்தைத் தள்ளுபடி எழுதினோம். அந்த மாதத்தில் மண்டியில் போன விலை தனி.

போடப் போகிறவர்களுக்கு, இதை மட்டுமாவது செய்யுங்கள்:

1. முதலில் எந்த வகை எல்எஸ்டி என்று கேளுங்கள். கிளட்ச் வகையா, கியர் வகையா? கடைக்காரருக்கே தெரியாவிட்டால் வேறு கடை.

2. டப்பா உங்கள் கண் முன்னால் திறக்கட்டும். பேரல் வேண்டாம். ஜிஎல்-5, உங்கள் தாள் சொல்கிற கெட்டி எண், மாடிஃபையர் கலந்ததா இல்லையா, மூன்றையும் படியுங்கள்.

3. அதே ஜிஎல்-5 மிச்சமிருக்கிறதே என்று கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். பல பழைய பெட்டிகளில் இருக்கிற பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது.

4. கிளட்ச் வகை என்றால் புதிதாகப் போட்டவுடன் காலி மைதானத்தில் மெதுவாக எட்டு போடுங்கள், பத்துப் பதினைந்து தடவை. தகடுகளில் ஆயில் ஊறும். தாள் சொல்கிற தூரத்தில் முதல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

5. பின் டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். இல்லாவிட்டால் நேர் ரோட்டிலும் தகடுகள் தேய்ந்துகொண்டே இருக்கும்.

6. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி கியரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். தரையில் இருக்கிற சக்கரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இது உயிர் விஷயம்.

மாமா மறுபடி கடன் வாங்கித் தகடுகளையும் கிரவுன் பினியனையும் மாற்றிவிட்டார். இந்த முறை நானும் கூடப் போனேன். அதே ஒர்க்‌ஷாப்தான். தாளில் இருந்ததைத் தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். மெக்கானிக் அண்ணன் இரண்டு முறை படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை முன்னாடியே யாராச்சும் குடுத்திருக்கலாமேப்பா" என்றார். அந்தத் தாள் இப்போது அவர் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஜீப் இப்போது மழையிலும் ஏறுகிறது, வளைவில் சத்தமில்லை. திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். அதற்கு முன்னால் உங்கள் வண்டியின் பின் அச்சில் என்ன ஆயில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.