மணி அடித்தது, குரல் எங்கே?



ஷார்ஜாவில் பணிபுரியும் மகன் ஜும்ஆ நாளன்று வாட்ஸ்அப்பில் அழைக்கிறான். காரைக்குடியில் தாயின் கைப்பேசி மணி அடிக்கிறது. எடுத்து ஸலாம் சொல்கிறார், மறுமுனையில் மௌனம். மூன்று வாரங்கள் இவ்வாறே கழிந்ததும் அந்த மூதாட்டி மதரஸாவுக்கே வந்துவிட்டார். "ஹஜ்ரத், அழைக்கிறான், ஆனால் பேச மாட்டேன் என்கிறான். என்மீது என்ன கோபமோ தெரியவில்லையே!" என்று கண் கலங்கினார். இத்தகைய கலக்கம் இன்று பல இல்லங்களில் உண்டு. ஆகவே அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே காண்போம்.

நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே அறைகள் பல. தலைவாசலும் கதவிலக்கமும் ஒன்றே. இணையத்திலும் இதே நிலைதான். இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாமற்போகும் என்று கண்ட அறிஞர்கள், பல கருவிகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் 'நாட்' என்னும் முறையை 1994ஆம் ஆண்டு வகுத்தனர். நம் வீட்டு வைஃபை பெட்டி செய்வதும் அதுவே.

அந்தப் பெட்டியை முகப்பில் அமர்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையாகக் கொள்ளுங்கள். எந்த அறையிலிருந்து யாருக்குக் கடிதம் போயிற்று என்பதை அவர் ஏட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் உரிய அறையில் சேர்ப்பார். ஏட்டில் இல்லாத கடிதம் வந்தால், யாருக்கென்று அறியாமல் திருப்பிவிடுவார். 'ஃபயர்வால்' எனப்படும் காவல் அரணோ, கேளாமல் வரும் எதையும் ஐயுற்றுத் தடுக்கும். பேச விரும்பும் இருவருமே இத்தகைய வாசல்களுக்குள் இருந்தால் யாருடைய குரல் முதலில் உள்ளே நுழைவது?

இதற்கும் வழி கண்டனர். வெளியே உள்ள ஒரு கணினியிடம், "என் கடிதத்தின்மீது எந்த முகவரி தெரிகிறது?" என்று இருவரும் கேட்டறிந்து, ஒருவர்க்கொருவர் தெரிவித்து, ஒரே வேளையில் கடிதம் அனுப்புவர். இரு ஏடுகளிலும் பதிவு ஏற்பட்டுவிடுவதால் கதவு திறக்கும். 2003இல் வெளிவந்த இம்முறையின் பெயர் 'ஸ்டன்'. இதுவும் பலிக்காவிடில், நடுவில் ஒரு கணினி நின்று இரு குரல்களையும் வாங்கி வாங்கிக் கொடுக்கும். அது 'டர்ன்'. எல்லா வழிகளையும் சோதித்துச் சிறந்ததைத் தேர்வது 'ஐஸ்'. இவ்விரண்டும் 2010இல் நெறிப்படுத்தப்பட்டன. நாம் பச்சைப் பொத்தானைத் தொட்ட சில நொடிகளில் இத்தனையும் நடந்தேறுகின்றன!

மணி மட்டும் எப்படி அடித்தது என்று கேட்பீர்கள். அழைப்புச் செய்தி, கைப்பேசி ஏற்கெனவே தொடர்பு வைத்திருக்கும் நிறுவனக் கணினியின் வழியே வருகிறது. குரலோ தனி வழியில் வருகிறது. அந்த வழி அடைபட்டால் மணி அடிக்கும், குரல் வராது. வைஃபையை நிறுத்தி, கைப்பேசி இணையத்தில் பேசிப் பாருங்கள். குரல் கேட்டால், தடை உங்கள் வைஃபை இணைப்பில் உள்ளது என்று அறியலாம்.

அவ்வாறும் கேட்காவிடில், தடை சட்டத்தினாலும் இருக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெற்ற இணையக் குரல் சேவைகளுக்கு மட்டுமே இடமுண்டு. சவூதி அரேபியாவோ, தன் விதிகளுக்கு உட்பட்ட செயலிகளுக்கான தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது.

தாய்மார்களே! "வி.பி.என். போட்டாவது பேசு" என்று பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். குற்றம் புரியவோ அதை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டுவோருக்கு, அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் சிறைத் தண்டனையோ, 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பிள்ளையின் பல்லாண்டு உழைப்பு ஓர் அழைப்பில் போய்விடக் கூடாதல்லவா? அங்கே அனுமதி பெற்ற 'போட்டிம்' போன்ற செயலியை இருபுறமும் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது சாதாரணத் தொலைபேசியில் சில நிமிடங்கள் பேசுங்கள்.

அந்த மூதாட்டியின் கைப்பேசியிலும் அவ்வாறே செய்து கொடுத்தோம். அடுத்த வெள்ளியன்று மகன் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா மூணு வாரமா என்கூடப் பேசவே இல்லை?" அவனும் அங்கே அதே கலக்கத்தில்தான் இருந்திருக்கிறான்!

உறவினரைப் பற்றித் தவறாக எண்ணுமுன், வழியில் என்ன தடை என்று முதலில் ஆராய்வோம்.