தூரம் பார்த்து வாங்குவோம்

எறும்பு, வண்ணத்துப்பூச்சி, பனித்துளி ஆகியவற்றை மிக அருகில் படம்பிடிக்க மாணவர் பலர் விரும்புகின்றனர். அதற்கு எந்த மேக்ரோ லென்ஸை வாங்குவது? விலை குறைந்ததே போதும் என்பர் சிலர். விலையைவிடத் தூரமே முதன்மையானது என்பது என் கருத்து.

மேக்ரோ லென்ஸ், 10 மில்லிமீட்டர் எறும்பின் உருவத்தைக் கேமராவின் உணரியில் அதே 10 மில்லிமீட்டர் அளவில் பதிக்க வல்லது. 60 மில்லிமீட்டர் லென்ஸும் 100 மில்லிமீட்டர் லென்ஸும் இதனைச் செய்யும். ஆனால், முன்னதன் முனையைப் பூச்சிக்கு 10 சென்டிமீட்டருக்கும் நெருக்கமாகக் கொண்டுசெல்ல நேரும். பின்னதற்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இடைவெளி கிட்டும். இந்தச் சிறு இடைவெளியால் பூச்சி எளிதில் மிரளாது; நம் நிழலும் அதன்மேல் விழாது.

பூச்சியைப் பிடித்து, குளிரூட்டி, அசையவிடாமல் படமெடுப்போரும் உண்டு. ஒரு படத்திற்காக உயிரை வதைப்பது முறையன்று. விலகி நின்று எடுக்க உதவும் லென்ஸே நல்ல லென்ஸ்.

எனினும், அதன் விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட். அது பெற்றோரின் உழைப்பு. ஆகவே, முதலில் நீட்டிப்புக் குழாய் ஒன்றை வாங்கலாம். கண்ணாடியற்ற அந்த வெற்றுக் குழாயைக் கேமராவுக்கும் கையிலுள்ள லென்ஸுக்கும் இடையில் பொருத்தினால் பொருள் பெரிதாகத் தெரியும். மிக நெருங்க வேண்டியிருப்பதால், பூ, இலை, நாணயம் போன்றவற்றைப் படமெடுத்துப் பழகலாம். ஓராண்டுக்குப் பின்னும் ஆர்வம் குன்றாவிட்டால், 100 மில்லிமீட்டர் லென்ஸை வாங்குவதே அறிவுடைமை.