நெபுலாவுக்கு பெயிண்ட் அடிச்சது யாரு?

போன மாசம் எங்க காலேஜ்ல ஒரு கண்காட்சி. அவனவன் கைவேலை, ஓவியம், ரோபோன்னு கொண்டு வந்து வச்சான். நான் ஒரு படத்தை பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டு மாட்டினேன். கழுகு நெபுலா. ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த மூலத் தகவலை இறக்கி, ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து நானே கலர் சேர்த்த படம். பி.காம் படிக்கிறவனுக்கு வானத்துல என்ன வேலைன்னு கேட்காதீங்க, வீட்லயும் அதைத்தான் கேக்குறாங்க. :-)

படத்துக்குக் கீழ ஒரே வரி எழுதியிருந்தேன்: "சிவப்பு - கந்தகம், பச்சை - ஹைட்ரஜன், நீலம் - ஆக்சிஜன்."

அன்னிக்கு ரெண்டு பேர் ரெண்டு கேள்வி கேட்டாங்க. முதல் ஆள் என் கிளாஸ்மேட். "டேய், நேர்ல போய் பார்த்தா இப்படித்தான் தெரியுமா?" தெரியாதுன்னேன். "அப்ப டுபாக்கூர்" னு ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்லிட்டு கேன்டீன் பக்கம் போயிட்டான்.

ரெண்டாவது, பக்கத்து ஸ்கூல்ல இருந்து வந்திருந்த ஒரு பொண்ணு. எட்டாவதோ ஒன்பதாவதோ இருக்கும். படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அண்ணா, பாதிக்கு மேல நீலமா இருக்கே. அப்ப அங்க ஆக்சிஜன்தான் நிறைய இருக்கா?" ன்னு கேட்டுச்சு. பின்னாடி பெரிய கூட்டம், எனக்கு அவசரம். "ஆமாம்மா" ன்னுட்டேன். அந்தப் பொண்ணு அதை நோட்டுல எழுதிக்கிட்டு போயிடுச்சு.

டுபாக்கூர்னு சொன்னவன் சொன்னது தப்பு. அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்னதும் தப்பு. அதுதான் ஒரு மாசமா உறுத்துது. இந்தப் பதிவு ரெண்டு பேருக்கும் சேர்த்து.

முதல்ல அந்த டுபாக்கூர் மேட்டர்.

1995 ஏப்ரல் 1-ம் தேதி, (முட்டாள்கள் தினம்தான், ஆனா இது நிஜம்) ஜெஃப் ஹெஸ்டர், பால் ஸ்கோவன்னு அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரங்க ரெண்டு பேர் ஹப்பிள் மூலமா கழுகு நெபுலாவை படம் பிடிச்சாங்க. சுமார் 6,500 ஒளியாண்டு தூரம். 'படைப்பின் தூண்கள்'னு உலகம் பூரா காலண்டர்லயும் டி-ஷர்ட்லயும் வந்ததே, அந்தப் படம். அது ஒரே படம் இல்லை. 32 தனித்தனிப் படங்களை ஒட்டிச் சேர்த்தது. கேமராவுக்குக் கலரே தெரியாது, எல்லாம் கருப்பு வெள்ளை. முன்னாடி ஒரு ஃபில்டரைப் போட்டு, அந்த ஃபில்டர் விடுற ஒளியை மட்டும் எண்ணும். அவ்வளவுதான்.

இந்த ஃபில்டர்கள் சாதாரண கலர் கண்ணாடி இல்லை. நேரோபேண்ட்னு சொல்வாங்க. ஒளியில ரொம்ப மெல்லிசான ஒரு கீற்றை மட்டும் விடும். வீட்டு மொட்டை மாடியில தொலைநோக்கி வச்சுப் படம் எடுக்கிறவங்க வாங்குறது பெரும்பாலும் 3 முதல் 7 நானோமீட்டர் அகலம். ஹைட்ரஜனோட சிவப்பு ஒளி 656.3 நானோமீட்டர்ல வரும். ரெண்டு எலெக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் 500.7-ல, பச்சையும் நீலமும் கலந்த மாதிரி. ஒரு எலெக்ட்ரானை இழந்த கந்தகம் 671.6, 673.1 ரெண்டுலயும். தெருவிளக்கு வெளிச்சம், நிலா வெளிச்சம் எல்லாம் பெரும்பாலும் வெளிய நின்னுடும். அதனாலதான் நகரத்து நடுவுல இருந்துகூட நெபுலா படம் எடுக்க முடியுது.

இப்ப ஒரு சிக்கல். ஹைட்ரஜன் ஒளியும் சிவப்பு, கந்தக ஒளியும் சிவப்பு. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். 'உண்மைக் கலர்'ல போட்டா ரெண்டும் கலந்து ஒரே சிவப்புக் கொழம்பாயிடும். எது எங்க இருக்குன்னு தெரியவே தெரியாது. அதனால மூணுலயும் அலைநீளம் அதிகமான கந்தகத்துக்கு சிவப்பு, நடுவுல இருக்கிற ஹைட்ரஜனுக்கு பச்சை, குறைவான ஆக்சிஜனுக்கு நீலம்னு பிரிச்சுக் கொடுத்தாங்க. வானவில்லுல இருக்கிற அதே வரிசை. சும்மா அழகுக்காக தோணின கலரை அள்ளிப் பூசலை. இதைத்தான் இன்னிக்கு 'ஹப்பிள் பேலட்'னு சொல்றாங்க.

நேர்ல போனா எப்படித் தெரியும்? பெரும்பாலும் மங்கலான சாம்பல் புகை மாதிரி. கிட்டப் போகப் போக நெபுலா பெருசாத் தெரியும், ஆனா அதோட பரப்பு வெளிச்சம் கூடாது. நம்ம கண்ணு மங்கல் வெளிச்சத்துல கலரே பார்க்காது. அப்ப நம்ம கண்ணை அளவுகோலா வச்சா பெரும்பாலான நெபுலாக்கள் சாம்பல்தான். 2022 அக்டோபர்ல ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதே தூண்களை அகச்சிவப்புல எடுத்த படம் வந்துச்சே, அதை என்னன்னு சொல்றது? அகச்சிவப்பு நம்ம கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு 'உண்மைக் கலர்'னு ஒண்ணே கிடையாது.

காமர்ஸ் பாஷையில சொல்றேன். தேய்மானம் போட நேர்கோட்டு முறைன்னு ஒண்ணு, குறைந்து செல் முறைன்னு ஒண்ணு. எதை எடுக்கிறமோ அதைப் பொறுத்து லாபம் மாறும். அதுக்காக யாரும் கள்ளக் கணக்குன்னு சொல்றதில்லை. எந்த முறைன்னு குறிப்புல எழுதியிருக்கணும், அவ்வளவுதான். எழுதலைன்னாதான் தப்பு. கலரும் அப்படித்தான். எந்தக் கலர் எதைக் குறிக்குதுன்னு சொல்லிட்டா அது பொய் இல்லை. ஆக, கிளாஸ்மேட் அவர்களே, டுபாக்கூர் வாபஸ்!

இனிமேதான் என் தப்பு. மூணு கலரையும் குறிச்சுத்தானே வச்சிருந்தேன், அப்புறம் என்ன தப்பு? நான் என்னென்ன பண்ணேன்னு வரிசையா சொல்றேன், நீங்களே பாருங்க.

ஒண்ணு. மூலப் படத்தைத் திறந்தா கிட்டத்தட்ட கருப்பாத்தான் இருக்கும். மங்கலான பகுதியெல்லாம் தெரியணும்னா 'ஸ்ட்ரெச்' பண்ணணும், அதாவது இருட்டுல ஒளிஞ்சிருக்கிற எண்களை மேல இழுக்கணும். நான் மூணு படத்தையும் ஒரே அளவுக்கு இழுக்கலை. ஹைட்ரஜனை லேசா, ஆக்சிஜனையும் கந்தகத்தையும் பிடிச்சு நல்லா. ஏன்னா ஒரே அளவுல இழுத்தா படம் பாசி பிடிச்ச குளம் மாதிரி பெரும்பாலும் பச்சையாத்தான் இருக்கும். இது எப்படின்னா, ஒரே கிராஃப்ல ஒரு கம்பெனி விற்பனையை கோடியிலயும் இன்னொரு கம்பெனி விற்பனையை ஆயிரத்துலயும் போட்டு, ரெண்டு கோடும் ஒரே உயரம்னு காட்டுற மாதிரி.

ரெண்டு. அதுக்கப்புறமும் பச்சை மிச்சம் இருந்துச்சு. சிரில்னு ஒரு இலவச மென்பொருள், அதுல பச்சையைக் குறைக்க ஒரு கட்டளை இருக்கு. ஒரு கிளிக். பச்சை போய் தங்க நிறமும் நீலமும் வந்துடும். பார்க்க அட்டகாசமா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்தப் பச்சை எது? ஹைட்ரஜன்! நெபுலாவுல மிக அதிகமா இருக்கிற சரக்கையே பாதி அழிச்சுட்டேன், அழகுக்காக. எங்க பாடத்துல இதுக்குப் பேர் விண்டோ டிரெஸ்ஸிங்.

மூணு. நெபுலாவுல ஹைட்ரஜனுக்கு அடுத்து அதிகமா இருக்கிறது ஹீலியம். ஏறத்தாழ 10 ஹைட்ரஜன் அணுவுக்கு 1 ஹீலியம் அணு. என் படத்துல ஹீலியம் எங்க? எங்கயும் இல்லை. அதுக்கு ஃபில்டரே போடலை. ஆக்சிஜனோ சுமார் 2,000 ஹைட்ரஜனுக்கு 1 தான். கந்தகம் பல்லாயிரத்துல 1. அதாவது சொத்துப் பட்டியல்ல முதல் சொத்தைப் பாதியாக் குறைச்சு, ரெண்டாவது சொத்தை எழுதாமலே விட்டு, சில்லறைக் காசை ரெண்டு பக்கத்துக்கு விரிச்சு எழுதினவன் நான். அதைப் பார்த்து ஒரு பொண்ணு, ஆக்சிஜன்தான் நிறையவான்னு கேட்டா ஆமாங்கிறேன்!

அப்ப இவ்வளவு கொஞ்சமா இருக்கிற ஆக்சிஜன் ஏன் இப்படி மின்னுது? இதுல ஒரு நல்ல கதை இருக்கு. லண்டன்ல வில்லியம் ஹக்கின்ஸ்னு ஒருத்தர். முதல்ல குடும்பத் துணி வியாபாரத்தைப் பார்த்தவர் (பார்த்தீங்களா, நம்ம ஆளு!), அதை வித்துட்டு வானம் பார்க்கப் போனார். 1864 ஆகஸ்ட்ல பூனைக்கண் நெபுலாவோட ஒளியை நிறமாலைக் கருவியில பிரிச்சுப் பார்த்தார். சில பளிச்னு கோடுகள் மட்டும் தெரிஞ்சுச்சு. பச்சைப் பக்கம் இருந்த முக்கியமான கோடுகள் பூமியில தெரிஞ்ச எந்தத் தனிமத்தோடயும் ஒத்துப் போகலை. அதனால புதுத் தனிமம்னு நினைச்சு, பின்னால 'நெபுலியம்'னு பேரும் வச்சாங்க. 1927-ல அமெரிக்காவுல ஐரா போவன்தான் முடிச்சை அவிழ்த்தார். அது புதுசும் இல்லை, ஒண்ணும் இல்லை, நம்ம ஆக்சிஜன்தான். ரெண்டு எலெக்ட்ரான் இழந்தது. இங்க காத்துல அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால அந்த ஒளியை விட அதுக்கு அவகாசமே கிடைக்காது. நெபுலாவுல அவ்வளவு வெறுமை. நிதானமா அந்த ஒளியை விடும்.

அறுபது வருஷத்துக்கு மேல பெரிய பெரிய விஞ்ஞானிகளையே அந்தப் பச்சை ஒளி ஏமாத்தியிருக்கு. ஒளி பளிச்னு இருக்கிறது வேற, சரக்கு நிறைய இருக்கிறது வேற. இதுதான் நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்க வேண்டியது.

அப்ப இந்தப் படத்தால என்னதான் பிரயோஜனம்? இருக்கு, நிறைய இருக்கு. ஆக்சிஜன்ல இருந்து ரெண்டு எலெக்ட்ரானைப் பிடுங்க பலமான புற ஊதா ஒளி வேணும். அதனால நீலம் தெரியுற இடம், ரொம்பச் சூடான நட்சத்திரங்களோட ஒளி தடையில்லாம பாயுற இடம். கந்தகத்துல ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்க கொஞ்சம் ஒளி போதும், பலமா அடிச்சா இன்னொண்ணும் போயிடும். அதனால சிவப்பு தெரியுற இடம் அந்த ஒளி களைச்சுப் போற ஓரம். தூண்களோட விளிம்புல அது அழகாத் தெரியும். ஆக, இந்தப் படம் நெபுலாவுல என்ன எவ்வளவு இருக்குங்கிற இருப்புக் கணக்கு இல்லை. நட்சத்திர ஒளி எங்க எவ்வளவு பலமா பாயுதுங்கிற வரைபடம். வரைபடமா படிச்சா அருமையான படம். இருப்புக் கணக்கா படிச்சா தப்பான படம்.

நிஜமான இருப்புக் கணக்கு வேணும்னா விஞ்ஞானிகள் ஸ்ட்ரெச் பண்ணாத எண்களைத்தான் எடுப்பாங்க. ஆக்சிஜனோட 436.3, 500.7 கோடுகளை ஒப்பிட்டா வெப்பநிலை. கந்தகத்தோட ரெண்டு கோடுகளை ஒப்பிட்டா அடர்த்தி. ரெண்டும் தெரிஞ்ச பிறகுதான் எது எத்தனை அணுன்னு கணக்கு போட முடியும். கலரை மட்டும் பார்த்து கலவையைச் சொல்ல முடியாது.

அதனால என் கருத்து இதுதான். நெபுலா படம் போடுறவங்க (நானும் சேர்த்துத்தான்) "சிவப்பு கந்தகம், நீலம் ஆக்சிஜன்"னு எழுதினா போதாது. இன்னும் ரெண்டு வரி எழுதணும். ஒவ்வொரு ஃபில்டரையும் தனித்தனியா இழுத்திருக்கேன், அதனால கலரை வச்சு அளவைச் சொல்லாதீங்கன்னு ஒண்ணு. பச்சையைக் குறைச்சேன், நட்சத்திரத்தோட ஊதா நிறத்தை மாத்தினேன்னு, கை வச்சதெல்லாம் ஒண்ணு. "படம் அழகு கெட்டுடும், யாரு படிக்கப் போறா"ன்னு சொல்வீங்க. ஆண்டறிக்கையில குறிப்புகளையும் நிறைய பேர் படிக்கிறதில்லை. அதுக்காக அச்சடிக்காம விட முடியுமா? என்னிக்கோ ஒருத்தர் நோட்டும் பேனாவுமா வந்து படிப்பாங்க. அவங்களுக்காகத்தான் அது.

பார்க்கிறவங்களும் "இது நிஜக் கலரா?"ன்னு கேட்கிறதை விட்டுட்டு, "இந்தக் கலர் எதைச் சொல்லுது, எதைச் சொல்லலை?"ன்னு கேளுங்க. அந்தப் பொண்ணு கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. பதில் சொன்னவன்தான் சரியில்லை.

போன வாரம் படத்தைத் திரும்ப பிரிண்ட் போட்டேன். இந்தத் தடவை பக்கத்துலயே பாசி பிடிச்ச குளத்தையும் போட்டு, கீழ மூணு வரியும் எழுதி, அந்த ஸ்கூலுக்கு ஒரு லெட்டரோட அனுப்பியிருக்கேன். "நீலமா கேட்ட தங்கைக்கு, நான் சொன்னது தப்பு" ன்னு ஆரம்பிச்சிருக்கேன். போய்ச் சேர்ந்துச்சான்னு இன்னும் தெரியலை.

டிஸ்கி: நான் இயற்பியல் மாணவன் இல்லை. எங்கயாவது சறுக்கியிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கிறேன். "டுபாக்கூர்"னு மட்டும் ஒத்தை வார்த்தையில எழுதாதீங்க, ஏன்னு காரணமும் சொல்லணும்! :-)