பதில் சொல்லும் சபை

இந்திய அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராமசபையின் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாட்கள் கூடிவந்த சபை, மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுவதாகியிருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 10,000 பேரைத் தாண்டினால் 300 பேர் வர வேண்டும் என்று குறைவெண் வரம்பும் உண்டு. வந்தவர்களை எண்ணுவதில் காட்டும் இந்த அக்கறையை, வந்தவர் கேட்டதற்குப் பதில் கிடைத்ததா என்று பார்ப்பதில் நாம் காட்டுவதில்லை. ஒரு கூட்டம் பயன்படுவதும், வந்தவர் மனநிறைவோடு வீடு திரும்புவதும் அந்தப் பதிலைப் பொறுத்தவை என்றே கருதுகிறோம்.

இதற்குத் தமிழ்நாட்டுக் கிராமசபைகளிலிருந்தே சான்று இருக்கிறது. இங்குள்ள சபைகளில் பேசப்பட்டவற்றை எழுத்தில் பெயர்த்து, ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. கிராமசபை வெறும் சடங்கு என்ற பொதுக் கருத்தை அது மறுக்கிறது: மக்கள் கணக்குக் கேட்கிறார்கள், தலைவரை எதிர்த்துப் பேசுகிறார்கள், ஊரின் தேவைகளை எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் பேசுவது குறைவு. அவர்கள் தொடங்கிய பேச்சு நீடிப்பதும், அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் வருவதும் குறைவு. இட ஒதுக்கீட்டால் பெண் தலைவர்கள் வந்த ஊராட்சிகளில் பெண்கள் பேசும் வாய்ப்பு பெரிதாகக் கூடவில்லை. பேசிய பெண்ணின் சொல் காதில் விழுவது மட்டும் கூடியிருந்தது. கேட்கும் இடத்தில் இருப்பவர் மாறியதுமே கூட்டமும் மாறியிருக்கிறது. ‘எல்லோரும் தைரியமாகப் பேசுங்கள்’ என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் பதில் சொல்லப் பழகுவதுதான் அவசரத் தேவை.

பேச்சு பரவலாக வேண்டும் என்பது மரியாதைக்காக மட்டும் சொல்லப்படுவதும் அல்ல. 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிறு குழுக்கள் கூடிப் பேசி ஒரு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில தகவல்கள் எல்லோருக்கும் தரப்பட்டன. மற்றவை ஆளுக்குச் சிலவாகப் பிரித்துத் தரப்பட்டன. எல்லோருக்கும் தெரிந்ததையே குழுக்கள் மீண்டும் மீண்டும் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமல், பெரும்பாலும் தகுதி குறைந்த வேட்பாளரே தேர்வானார். குடிநீரை எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவும் இணைப்புகளின் எண்ணிக்கையும் பதிவேட்டில் இருக்கும். கடைசித் தெருக் குழாயில் இரண்டு குடம் நிறைவதற்குள் தண்ணீர் நின்றுவிடுகிறது என்பது அங்கே குடத்தோடு நிற்பவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாய் திறக்காத சபையில் ‘குடிநீர் வழங்கல் சீராக உள்ளது’ என்று தீர்மானம் நிறைவேறிவிடும்.

ஆளாளுக்குப் பேசவிட்டால் பொழுது போய்விடும், ஒன்றும் முடிவாகாது என்பார்கள். திட்டங்களின் பெயர்களை, கூட்டத்துக்கு அனுப்பப்படும் அலுவலரான பற்றாளர் ஒவ்வொன்றாக வாசிப்பதில் போகும் நேரத்தை யாரும் கணக்கில் கொள்வதில்லை. பதில் கிடைக்காத மனு அடுத்த சபைக்கும் அதற்கடுத்த சபைக்கும் வந்து அதே நேரத்தை மறுபடி எடுத்துக்கொள்ளும். மக்கள் தங்கள் சொந்தக் குறையைத்தான் பேசுகிறார்கள், பொதுப் பிரச்சினையை யார் பேசுகிறார்கள் என்ற குறையும் உண்டு. ஒரே தெருவிலிருந்து நான்கு பேர் தெருவிளக்கைப் பற்றிச் சொந்தக் குறையாகச் சொன்னால், ஊரின் மின்கம்பிப் பழுது அங்கே தெரிந்துவிடுகிறது. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பது கூட்டத்தை நடத்துபவரின் வேலை. சாதியும் பணமும் ஆளும் ஊரில் கூட்ட நடைமுறை என்ன செய்துவிடும் என்பது இவற்றைவிடக் கனமான கேள்வி. நடைமுறையால் சாதி ஒழியாதுதான். ஆனால் முதலில் யார் பேசுவது என்பது இன்று முன்வரிசை நாற்காலியால் முடிவாகிறது. குடியிருப்பு வாரியாக முறை வைத்து, ஒவ்வொரு முறையும் வேறொரு குடியிருப்பில் தொடங்கினால் அந்த ஒரு சலுகையாவது பறிபோகும். கேள்வியும் அதற்கான பதிலும் தீர்மானப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு அவற்றை இல்லையென்று சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. சபையின் முதல் பொருளாக, சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் என்ன ஆயின என்று வாசிக்கப்பட வேண்டும். முடியாதவற்றுக்கு, ஏன் முடியவில்லை, யாரிடம் நிற்கிறது என்று தலைவரோ, தலைவர் இல்லாத ஊராட்சியில் தனி அலுவலரோ சொல்ல வேண்டும். ‘முடியாது’ என்பதும் பதில்தான். காரணத்தோடு சொல்லப்பட்டால் அதை வைத்து அடுத்து எங்கே போவது என்று மக்கள் முடிவு செய்வார்கள். பதிலே இல்லாமல் அனுப்பிவைத்தால் அவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் குறைவெண்ணை நிரப்ப ஆள் திரட்ட வேண்டியிருக்கும். வாசகர்களே, உங்கள் ஊரில் கூடும் அடுத்த கிராமசபைக்குச் சென்று, பழைய தீர்மானப் பதிவேட்டை முதலில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.