கணக்குப் படிப்பும் நமது கூலியும்

பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் எம்.ஏ. படிப்பதற்கும் ஆலைத் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. நமது பஞ்சப்படி எங்கே பிறக்கிறது? விலைவாசிக் குறியீட்டெண்ணில். தொழிலாளி குடும்பம் அரிசிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எடை போட்டே அந்த எண் தயாராகிறது. வாடகைக்கு எடையைக் குறைத்துப் போட்டால், வாடகை எவ்வளவு ஏறினாலும் எண் அதற்குத் தக்கபடி ஏறாது, பஞ்சப்படியும் ஏறாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எந்தச் சோற்றை எடுப்பது? மேலே வேகாமலும் அடியில் குழைந்தும் இருக்கலாமே! கோடிக்கணக்கான குடும்பங்களில் சில ஆயிரத்தை எப்படிப் பொறுக்கினால் உண்மை தெரியும் என்பதைக் கற்பிப்பதே இந்தப் படிப்பு.

கல்கத்தா பல்கலைக்கழகம் 1941-ல் இதற்கு எம்.ஏ. வகுப்பு தொடங்கியது. அதே நகரில் 1931-ல் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு, பட்டம் வழங்கும் உரிமையை 1959-ல் பார்லிமெண்ட் சட்டம் தந்தது. வங்கப் பஞ்சத்துக்குப் பின் 1944-45-ல் கிராமங்களுக்குச் சென்று, எத்தனை குடும்பங்கள் நிலத்தையும் உழவு மாட்டையும் இழந்தன என்று கணக்கெடுத்தது இந்தக் கழகம்தான்.

கணக்குக்கு ஆளும் தரப்பு அஞ்சுவதும் உண்டு. 2017-18-ல் எடுத்த சர்வேயின்படி, வேலை செய்வோரும் தேடுவோருமாகச் சேர்ந்த நூறு பேரில் 6.1 பேருக்கு வேலையில்லை. அந்த அறிக்கையை வெளியிடாததால், தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் ராஜினாமா செய்தார்கள். பொதுத் தேர்தல் முடிந்த பிறகே, மே மாதக் கடைசியில், அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டின் குடும்பச் செலவு சர்வேயோ, தரம் சரியில்லை என்று நிறுத்தப்பட்டது.

இப்படிப்பட்ட கணக்கைத் திறந்து பார்த்துக் கேள்வி கேட்க, படித்த நம் பிள்ளைகள் வேண்டாமா? அந்தக் கழகம் பயிற்றுக் கட்டணம் வாங்காமல், மாதப்படியும் கொடுத்துப் படிக்க வைத்து வந்த இடம். 1959 சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் கொண்டுவர மத்திய சர்க்கார் 2025-ல் ஒரு நகல் மசோதா வெளியிட்டது. சுயாட்சி போய்விடும், கட்டணம் வந்துவிடும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் அதை எதிர்த்தார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது.

கட்டணம் வந்தால் முதலில் வெளியே நிற்பது கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைதான். ஆகவே கட்டணமில்லாப் படிப்பைக் காப்பது தொழிற்சங்கத்தின் வேலையும் ஆகும். கணக்கில் தேறிய நம் பையன்களையும் பெண்களையும் இந்தப் படிப்புக்கு அனுப்புவோம். நமது கூலியை நிர்ணயிக்கும் கணக்கு நமக்குத் தெரியாத கணக்காக இருக்கலாகாது!