வானத்தைக் குறை சொல்லும் முன் ஒரு ரேடியோ வாங்குங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் கடைசி வரி வரை பொறுத்திருந்து அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

நேற்று நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அலாஸ்காவில் ஹார்ப் என்று ஒரு நிலையம் இருக்கிறதாம். அங்கிருந்து கதிர் அனுப்பித்தான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைச் சென்னைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்களாம். அனுப்பியது என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இன்று இன்ஜினியராக இருக்கும் பிள்ளை. அதே வீடியோவைத் தெலுங்கில் புத்தூர் சித்தி மகனும் அனுப்பினான். திருப்பதி தாண்டிச் சித்தூர் போகும் வழியில் இருக்கும் காதங்கியிலும் இதே வேலை நடக்கிறது என்று அதில் கூடுதல் தகவல். கீழே வரிசையாகக் கும்பிடு. கேள்வி ஒன்றுகூட இல்லை.

சரி, கேள்வியை நான் கேட்கிறேன்.

ஹார்ப் இருப்பது உண்மை. 180 ஆன்டெனாக்கள், 3.6 மெகாவாட் டிரான்ஸ்மிட்டர். அமெரிக்க ராணுவப் பணத்தில் கட்டியதும் உண்மை. 2015-ல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. ராணுவம் கட்டியது என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். சந்தேகப்படுவது தப்பே இல்லை. சந்தேகப்பட்டவர் சரிபார்க்காமல் இருப்பதுதான் தப்பு.

முதலில் கணக்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சக்தி சுமார் ஒரு கிலோவாட். அப்படியானால் 3.6 மெகாவாட் என்பது 3,600 சதுர மீட்டரில் விழும் வெயில். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதாவது ஹார்ப் முழு மூச்சில் அனுப்புவது ஒரு ஏக்கர் நிலத்து வெயிலுக்கும் குறைவு. வங்கக் கடல் முழுக்கச் சூடேறிப் பிறக்கிற புயலை இதை வைத்தா நிறுத்துவார்கள்? இன்ஜினியர் தம்பி, இந்த வகுத்தல் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

அடுத்தது இடம். மழையும் புயலும் தரையிலிருந்து பதினைந்து, பதினெட்டு கிலோமீட்டருக்குள் நடப்பவை. ஹார்ப் ஆராய்வது அயனி மண்டலத்தை. அது அறுபது கிலோமீட்டருக்கு மேலேதான் தொடங்குகிறது. ஹார்ப் அனுப்பும் சிற்றலை கீழ்க்காற்றைச் சூடாக்காமல் ஊடுருவிப் போய்விடும்.

மூன்றாவதுதான் முக்கியம். அவர்களே அலைவரிசையைச் சொல்லி, கேட்டுப் பாருங்கள் என்று அழைக்கிறார்கள். 2008-ல் நிலவின் மேல் சிக்னலை மோதித் திருப்பியபோது, எந்த அலைவரிசை என்று ஹாம் ரேடியோக்காரர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். 2022 டிசம்பர் 27-ல் 2010 எக்ஸ்சி15 என்ற விண்கல்லுக்கு 9.6 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் சிக்னல் அனுப்பினார்கள். ஆறு கண்டங்களிலிருந்து 300-க்கு மேற்பட்டவர்கள் கேட்டதாக எழுதி அனுப்பினார்கள். ரகசிய ஆயுதம் வைத்திருப்பவன் ஊரைக் கூட்டி, "சத்தம் சரியாகக் கேட்டதா?" என்றா விசாரிப்பான்?

அன்று இரவு நானும் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். பேட்டரியில் ஓடும் சின்ன சிற்றலை ரேடியோ, துணிக்கொடிக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டிய பத்து மீட்டர் செம்புக் கம்பி. எல்இடி விளக்குகள் இரைச்சல் தரும் என்று வீட்டு மெயினையே அணைத்துவிட்டேன். எனக்கு இரைச்சல் தவிர எதுவும் கேட்கவில்லை. "கேட்கவில்லை" என்றே நோட்டில் எழுதி வைத்தேன். கேட்காததைக் கேட்டதாக எழுதாமல் இருப்பதும் விஞ்ஞானம்தான்.

காதங்கிக்கு வருவோம். அங்கே இருப்பது நம் நாட்டு தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம். 1990களிலிருந்து அங்கே 53 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடார் வேலை செய்கிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில் 1,024 யாகி ஆன்டெனாக்கள். தூர்தர்ஷனுக்காக மாடியில் கட்டி வைத்திருந்தோமே, அந்த வகை. மேலே அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியை வைத்துக் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள். தெர்மாமீட்டர் வைத்ததால் காய்ச்சல் வந்தது என்று யாராவது சொல்வார்களா? காதங்கியால் மழையை வரவழைக்க முடியுமென்றால், அதைச் சுற்றியுள்ள ராயலசீமா ஏன் இத்தனை ஆண்டு குடத்தோடு நின்றது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். மிக்ஜாமில் என் தம்பி மகள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கரணைப் பக்கம். சதுப்பு நிலமாக இருந்த இடம் அது. அங்கே மனை போட்டது யார், அனுமதி கொடுத்தது யார், கால்வாயை அடைத்தது யார் என்று கேட்க வேண்டிய நேரத்தில், அவளே எனக்கு இந்த ஹார்ப் வீடியோவை அனுப்பினாள். குற்றவாளியை அலாஸ்காவுக்கு அனுப்பிவிட்டால் இங்கே இருப்பவன் நிம்மதியாகத் தூங்குவான். இந்த வீடியோக்களால் லாபம் அவனுக்குத்தான்.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பகல்ல கேக்காத தூரத்து ஸ்டேஷன் எல்லாம் ராத்திரி மட்டும் எப்படிக் கேக்குது?" என்றான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். "பாடத்துல இல்ல, உக்காரு" என்றேன். பகலில் வெயிலால் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு உருவாகி மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. இரவில் அது கரைந்ததும் மேலடுக்கில் பட்டு அலை தூர தேசம் வரை போகிறது. இவ்வளவுதான் பதில். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று அவனை உட்காரச் சொன்னேன். கேள்வி கேட்காமல் உட்கார்ந்தே பழகியவர்கள்தான் இன்று வீடியோவை அனுப்புகிறீர்கள். அந்தப் பையன் யாரென்று நினைவில்லை. இதைப் படித்தால் மன்னித்துவிடப்பா.

வீட்டுப்பாடம் ஒன்று தருகிறேன். இந்த ஞாயிறு இரவு உங்கள் பிள்ளைகளோடு ஒரு பழைய ரேடியோவைத் திருப்புங்கள். ரேடியோ இல்லாதவர்கள் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் வைத்திருக்கும் வெப்எஸ்டிஆர் மூலம் போனிலேயே சிற்றலை கேட்கலாம். கேட்டதை நேரம் போட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு பக்கம் எழுதியவர் இனி எந்த வீடியோ வேண்டுமானாலும் எனக்கு அனுப்பலாம். எழுதாதவர் அனுப்பினால் பழையபடி பெஞ்சு மேல் நிற்க வேண்டியிருக்கும்!

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், திருத்தணி.