முகப்பும் பின்கட்டும்



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவனின் தாயார் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டீஸ். "மூன்றே மாதத்தில் பேக்எண்ட் டெவலப்பர், வேலை நிச்சயம்." கட்டணம் எண்பதாயிரம். "சங்கிலியை அடகு வைக்கலாமா சார்?" என்று கேட்டார். நான் கணக்கு வாத்தியார். பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் இருவரிடம் விசாரித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

பேக்எண்ட் என்பது வேறொன்றுமில்லை. நம் கீழச்சிவல்பட்டி வீடுகளில் தெருவில் போகிறவர் பார்ப்பது முகப்பை. ஆனால் பின்கட்டில் அடுப்பு எரிந்தால்தான் பந்தி நடக்கும். போனில் நாம் தொடும் பொத்தானும் படமும் முகப்பு. கணக்கைச் சரிபார்த்து, பதிந்து, பத்திரப்படுத்துவது பின்கட்டு.

2016-இல் வந்த யுபிஐயைப் பாருங்கள். மளிகைக் கடைக்கு ஐம்பது ரூபாய் அனுப்புகிறோம். நம் கணக்கில் பற்று, கடைக்காரர் கணக்கில் வரவு. நடுவில் நெட் போய்விட்டால்? வரவு விழ வேண்டும். இல்லையென்றால் கழித்த பணம் திரும்பி வர வேண்டும். அந்தரத்தில் நிற்கக் கூடாது. பர்மாவிலும் மலேயாவிலும் பேரேடு எழுதிய நம் முன்னோர், பற்றை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போயிருப்பார்களா? ஐந்தொகை இடித்துவிடுமே! பின்கட்டு வேலையின் உயிர்நாடி இந்தப் பொறுப்புதான்.

"ஜாவாவா, பைத்தானா, நோட் ஜேஎஸ்ஸா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஏதாவது ஒன்றை உருப்படியாகப் படித்தால் போதும். பைத்தான் வந்தது 1991-இல், ஜாவா 1995-இல், நோட் 2009-இல். அவற்றின் மேல் வரும் ஃபிரேம்வொர்க்குகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். 1970-களில் பிறந்த எஸ்க்யூஎல் இன்றும் தரவுதளங்களை ஆள்கிறது. அதையும் லினக்ஸையும் நெட்வொர்க் அடிப்படையையும் கற்றவன், மொழி மாறினாலும் பிழைத்துக்கொள்வான்.

இப்போது ஏஐயே கோடு எழுதித் தருகிறது. பார்த்து எழுதிப் பழகியவனுக்குத்தான் முதல் அடி. நடுராத்திரியில் கணக்கு உதைத்தால் எங்கே பிசகு என்று தேடிப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கும்.

அந்தத் திறமை மூன்று மாதத்தில் வராது. அந்தக் காலத்தில் கடைக்குப் போனவன் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாள் ஆனான். இன்று ஸோஹோ நிறுவனம் தன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துப் பழக்குகிறது. தென்காசியிலும் அந்தப் பள்ளி இருக்கிறது. ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

ஆகவே அந்தத் தாயாரிடம், "சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் ஆத்தா" என்றேன். பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: ஊர்த் திருவிழா வரவு செலவுக் கணக்குக்கு ஒரு பின்கட்டு எழுத வேண்டும். பாதியில் கரண்ட் போனாலும் ஒரு ரூபாய் பிசகக் கூடாது.

இந்தத் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவன் எழுதியதைப் பார்த்துத் திருத்தித் தருவீர்களா? முடிந்தவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். நான் சொன்னதில் தவறு இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். இப்போது மார்க் போடுவது உங்கள் முறை!